ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

காக்களூரில் ஒரு பட்டறை. அங்கே கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான்.

கம்ப்யூட்டர் செத்தால் புரோகிராமும் சாகுமே என்று, கிளவுடில் மூன்று பிரதி வைக்கலாம், வேறு வேறு கணக்கில் என்றேன். முதலாளியின் மச்சான்தான் மேனேஜர். "எல்லாம் என் அக்கவுண்ட்லயே இருக்கட்டும். நாளைக்கே நீ வேற கம்பெனிக்கு ஓடிட்டா?" என்றார். ஒரே பூட்டுக்குள் மூன்று பெட்டி. அதற்குப் பெயர் பாதுகாப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பட்டறையே பளபளத்தது. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்த கையோடு மேனேஜர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையைத் துடைத்ததோடு விட்டிருக்கலாம்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஒரு புரோகிராமும் இல்லை. அந்த வாரமே ஒரு பெரிய கம்பெனிக்கு சாம்பிள் போகவேண்டும். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் என் வேலை நிரந்தரம்.

"சார், ஃபைலெல்லாம் எங்க?"

"ஒரே ஃபைலு மூணு தபா கீது. இன்னாத்துக்கு அந்தக் குப்ப? தூக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணு கீதுல்ல?"

இல்லை. கிளவுடும் கம்ப்யூட்டரும் இணைக்கப்பட்டவை, அங்கே அழித்தால் இங்கேயும் அழியும்.

"சரி சார், ட்ராஷ்ல இருக்கும், எடுத்துடலாம்."

"அதையும் காலி பண்ட்டேன்பா. குப்பத்தொட்டிய ரொப்பி வச்சிக்கினு எவனாவது பூஜ போடுவானா?"

முதலாளி தன் மச்சானை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள நீ, ஒரு காப்பி எடுத்து வச்சிக்கினு இருக்கக் கூடாதா?" என்றார். பென் டிரைவ் கொண்டுவந்தால் கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனியின் முதலாளி அவர்.

வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். சாம்பிள் தாமதமாகத்தான் போனது. ஆர்டர் கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறை ஷெட்டுக்குப் போய்விட்டது.

"யார் கண்ணு பட்டுச்சோ" என்று மேனேஜர் கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தே நான் கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அவர்களுக்கு இப்போது வேண்டிய புரோகிராமை இரண்டு முறை எழுதியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.