நான்காம் எண்ணின் விடைத்தாள்

வேல்ஸ் நாட்டில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தேர்வு எழுதித்தான் அதில் சேர முடியும். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று ஒவ்வொரு திசைக்கும் தனித் தேர்வு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழு சங்கத்தை நடத்துகிறது. நான் இதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஐந்து பேர் சேர்ந்து மொழிபெயர்ப்பாளர் சங்கம் தொடங்கியபோது அந்தக் குறிப்புகள் உதவின. நான் மொழிபெயர்ப்பவன் அல்ல. கூட்டக் குறிப்பு எழுதுபவன். எனக்கு வாக்கு கிடையாது.

அங்கே ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு பயண முகவரின் கடைப் பின்னறையில், சனிக்கிழமை பிற்பகல்களில் கூடினோம். வேல்ஸ்காரரின் விதிகளோடு எங்களுடையவற்றையும் சேர்த்தோம். விடைத்தாளில் பெயர் இராது, எண் மட்டும். திருத்துபவர் வெளியாள். அவர் போட்ட முடிவைக் குழு மாற்றக் கூடாது. கடைசி விதியைக் கேட்டு வாங்கியவர், ஐவரில் ஒருவரான, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர். மருத்துவமனையில் நம் பெண்களுக்காகப் பல வருடங்களாக மொழிபெயர்த்துப் பேசி வருபவர். இனிமேல் எங்கள் பட்டியலில் உள்ளவர்களை மட்டுமே அழைப்பதாக மருத்துவமனை சொல்லியிருந்தது. ஆகவே தொடங்கியவர்களும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று.

தமிழிலிருந்து பிரெஞ்சுக்கான தேர்வில் வந்த கேள்வி, ஒரு நோயாளி மருத்துவரிடம் சொல்வது: இரண்டு நாளாக வயிற்று வலி, சாப்பிட முடியவில்லை, உறக்கமில்லை. புதுச்சேரிக்காரரான திருத்துநர் நான்காம் எண் தேறவில்லை என்று முடிவு போட்டிருந்தார். ஓரத்தில் எழுதியிருந்தார்: "பிரெஞ்சு மிக நன்று. ஆனால் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை என்று நோயாளி எங்கே சொன்னார்?"

எந்த எண் யாருடையது என்ற பட்டியலைக் கூட்டத்தில் பிரித்தேன். நான்கு, அக்கா. பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு அவர் தேறியிருந்தார்.

டாக்சி ஓட்டும் அண்ணை முதலில் கத்தினார். "அக்காவை எடுக்காமல் ஆரை எடுக்கிறது? பேசாமல் கடையைப் பூட்டுவம்."

"கத்தாதையுங்கோ. நான்தானே எழுதினனான்," என்றார் அக்கா.

"ஏன் அக்கா, காய்ச்சலை எங்கையிருந்து கொண்டு வந்தனீங்கள்?" என்று ஐவரில் இன்னொருவர் கேட்டார்.

"டொக்ரர் எப்பிடியும் அதைத்தானே கேப்பார். அவர் கேக்க முன்னமே சொல்லிப் பழகிப் போச்சு."

"அந்தாளுக்குக் காய்ச்சல் இருந்திருந்தா?"

அக்கா கைப்பையை மடியில் வைத்து அதன் ஸிப்பை இழுத்துத் திறந்து மூடினார்.

விலக்கு அளிக்கலாம் என்று அண்ணை தீர்மானம் கொண்டு வந்தார். "விதியை நான் கேட்டனான். எனக்கெண்டு வளைக்க வேண்டாம்," என்றார் அக்கா. தீர்மானத்தை ஆதரித்து ஒரு கைதான் உயர்ந்தது.

திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் பட்டியலை அனுப்பினேன். அக்காவின் பெயருக்கு எதிரே ஒரு திசை மட்டும். ஒரு திசையை வைத்துக்கொண்டு மருத்துவர் அறையில் பேச முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் வரும் மதாம் எங்கே என்று மருத்துவமனையிலிருந்து கேட்டார்கள். மறுபடி தேர்வு எழுதுகிறார் என்று பதில் போட்டேன். இடைப்பட்ட ஆறு மாதங்கள், இரு திசையிலும் தேறியிருந்த அண்ணைதான் போனார். பெண்கள் அவரிடம் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று அவரே கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அதுவும் குறிப்பில் இருக்கிறது.

இரண்டாம் தேர்விலும் ஒரு நோயாளிதான். இம்முறை அக்கா தேறினார். திருத்துநரின் ஓரக் குறிப்பு: "பிழையில்லை. சற்று வறட்சி."

தாளை அவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"வறட்சியாம். அதுக்கு நான் பட்ட பாடு இவருக்குத் தெரியுமே, தம்பி?" என்று சொல்லி, அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.