புளியில் கறுத்த கத்தி

முள்ளிவாய்க்காலில் என் பக்கத்து வீட்டு மாமியின் மகன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அவனுடைய மீன் வெட்டும் கத்தியை மாமியிடம் இரவல் வாங்கிப்போய்க் கடலில் தொலைத்துவிட்டேன். சொல்லத் துணிவில்லை. அதே அளவில் புதிய உருக்குக் கத்தி ஒன்று வாங்கி, பளபளப்பான பூச்சைத் தின்னர் போட்டு உரித்து, கல்லில் தீட்டி, பழப்புளிக் கரைசலில் இரண்டு நாள் ஊறவைத்தேன். பழையதைப் போலவே கறுத்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மாமி அதன் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"தம்பி, அவன் இடது கைக்காரன். மற்றப் பக்கத்திலையெல்லோ தீட்டுறவன்."

"கடலுக்குள்ளை விழுந்திட்டுது மாமி" என்றேன்.

அவர் ஏசவில்லை.

"அவன் வந்து கேட்டால் நான் என்னெண்டு சொல்லுவன்?"

அவன் வரமாட்டான் என்ற நிச்சயத்தில்தான் நான் அந்தக் கத்தியைக் கறுப்பாக்கியிருந்தேன்.