ஆண் வாத்தின் மேல் விழுந்த பழி

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். எல்லோருக்கும் பிரேக் மாஸ்டர். பஸ்ஸில் பயணியாகப் போகும்போதுகூட, குறுக்கே ஒரு நாய் வந்தால் டிரைவருக்கு முன்னால் இவர் கால் தரையை அழுத்திவிடும்.

இவருக்கு உயிர் யார் மேல் என்று கேட்டுப் பாருங்கள், மனைவி மேல் என்பார். நம்பிவிடாதீர்கள். வீட்டின் பின்பக்கம் வளர்க்கிற நாலு கோழி, ஒரு ஜோடி வாத்து மேல்தான்.

அந்தக் கூண்டைப் போய்ப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நுழையாத கம்பிவலை. பெருச்சாளி தோண்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று வலையை மண்ணுக்குள்ளும் இறக்கியிருக்கிறார். கோழிக்கு ஈரம் ஆகாது, வாத்துக்கோ தண்ணீர் இல்லாமல் ஆகாது. அதனால் கூண்டுக்குள் காய்ந்த மரத்தூள். தண்ணீர்த் தொட்டி தள்ளி, இடதுபக்க மூலையில். நம்ம கட்டிலுக்கு இந்தக் கவனிப்பு உண்டா என்பது மனைவியின் அங்கலாய்ப்பு.

நகராட்சியில் கெடுபிடி அதிகம். சேவல் கூடாது, நாற்றம் கூடாது. அதோடு, வருஷா வருஷம் அனுமதியைப் புதுப்பிக்கும்போது பக்கத்து வீட்டார் 'எங்களுக்குத் தொந்தரவு இல்லை' என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் இருப்பவள் ஒரு நர்ஸ். ராத்திரி வேலை, விடிந்து வந்துதான் தலையைச் சாய்ப்பாள்.

இந்த வருஷம் அவள் வேலியோரம் வந்து நின்று இழுத்தாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. காலைல உங்க வீட்டுப் பின்பக்கம் ஒரே கூச்சலா இருக்கு. கண்ணை மூட முடியல. ஆபீசர் வந்து கேட்டா நான் பொய் சொல்ல முடியாதுண்ணா."

மாஸ்டர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டாவிட்டால் அத்தனை பறவைகளும் போய்விடும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆண் வாத்து! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடப்பது அதுதான். கத்துவதும் அதுவாகத்தானே இருக்கும்? சேவலுக்குத் தடை போட்டவன் முட்டாளா என்ன? கூடையில் வைத்து, ஊருக்கு வெளியே குடியிருக்கிற மச்சானிடம் கொண்டுபோய் விட்டார். வரும் வழியெல்லாம் கண் கலங்கியது. வீட்டில் மனைவி கேட்டதற்குத் தூசி என்றார்.

மறுநாள் பெட்டை வாத்து ஜோடியைக் காணாமல் போட்ட சத்தம் இருக்கிறதே, தெருவே எட்டிப் பார்த்தது.

"ஆண் வாத்துக்குத் தொண்டையே கிடையாதுங்க. சும்மா கரகரங்கும். கத்துறதெல்லாம் பெட்டைதான்" என்றாள் மனைவி.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

அன்று மாலையே ஆண் வாத்து வீடு திரும்பியது. பெட்டையும் அடங்கியது. அநியாயமாக ஒரு நிரபராதியை நாடு கடத்திவிட்டோமே என்று மாஸ்டர் அதற்குக் கூடுதலாகக் கீரை நறுக்கிப் போட்டார்.

நகராட்சி ஆபீசர் அம்மா வந்தார். வலையை இழுத்துப் பார்த்தார், மரத்தூளை மோந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நர்ஸைக் கூப்பிட்டார்.

"வாத்து தொந்தரவா இருக்காம்மா?"

"வாத்தா? அது பாவம் மேடம்." நர்ஸ் தயங்கி மாஸ்டரின் மனைவியைப் பார்த்தாள். சொல்லு சொல்லு என்று அவள் கண்ணைக் காட்டினாள். "கத்துறது அண்ணாதான். விடிஞ்சதும் கூண்டைத் திறந்துவிட்டு, லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ, முன்னாடி போறவளை இடிக்காதேன்னு அதுங்களுக்கு கிளாஸ் எடுக்கிறார். பெட்டை வாத்து வாயைத் திறந்தா, ஹார்ன் அடிக்காதேன்னு திட்டு வேற."

ஆபீசர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. "அதட்டலேன்னா அதுங்க ஒழுங்கா போகாதும்மா" என்று முனகினார்.

"ஒரு வாரம் வாயைத் திறக்காம இருங்கண்ணா. அப்புறம் நான் சரின்னு சொல்றேன்."

ஆபீசரும் ஒரு வாரம் பொறுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டைத் திறந்தார். கோழிகள் இறங்கின. பின்னாலேயே வாத்துகள் இறங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல், இடதுபக்கம் திரும்பி நேரே தொட்டிக்குப் போயின. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

வாரக் கடைசியில் நர்ஸ் தூங்கித் தெளிந்த முகத்தோடு வந்து சம்மதம் சொன்னாள். அனுமதி கிடைத்தது. மாஸ்டர் என்னவோ பறிகொடுத்தவர் மாதிரி கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"இப்பவாவது சந்தோஷப்படக் கூடாதா?" என்றாள் மனைவி.

"நான் ஒரு வார்த்தை சொல்லல. அதுங்க எல்லாம் சரியாத்தான் போகுதுங்க."

"எப்பவுமே அப்படித்தான் போகுதுங்க." சொன்ன பிறகுதான் அவர் முகம் போன போக்கைப் பார்த்தாள். அவளுக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க வந்து திறந்துவிட்டாப் போதும் அதுங்களுக்கு" என்றாள்.