ஓசூர் தியேட்டரில் தெலுங்கு ரீல் ஓடிய அன்று

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஓசூர் கடைவீதியின் பழைய தியேட்டரை இடிக்கும் செய்தியோடு, அதன் ‘வரலாறு’ ஒன்றையும் முதலாளியின் மகன் போன மாதம் முகநூலில் போட்டிருந்தார். அதில் ஒரு வரி: ‘ஆபரேட்டர் குடிபோதையில் ரீலை மாற்றி ஓட்டியதால் ஒருமுறை ரகளை நடந்தது.’ அந்த ஆபரேட்டர் என் அப்பா. கீழே ஊரே சிரித்து வைத்திருந்தது. தரைமட்டமாவதற்குள் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏழரைக்குப் பேருந்து. சூளகிரி தாண்டியதும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இறங்கும்போது ஒன்பதே கால். கடைவீதிக்கு நடந்தே போகலாம். என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

ஓட்டுநருக்கு என் வயதிருக்கும். போனில் கன்னடம் பேசி முடித்து, குறுக்கே பைக்கில் வந்தவரைத் தெலுங்கில் திட்டிவிட்டு, என்னிடம் தமிழுக்கு வந்தார்.

“அங்க என்னா சார் இருக்குது? பாதி இடிச்சிட்டானுங்க.”

உண்மைதான். திரை இருந்த சுவரும், எதிரே ஆபரேட்டர் அறையின் இரண்டு சதுர ஓட்டைகளும்தான் மிச்சம்.

காலையில் கன்னடம், மதியம் தெலுங்கு, மாலையில் தமிழ் என்று ஓடிய தியேட்டர் இது. தமிழ்ப் படத்தின் ஒரே பிரதியை மத்திகிரி டென்ட் கொட்டகையோடு பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல் பெட்டி மொபெட்டில் இங்கே வரும். ஒரு மழை நாளில் பெட்டி மாறி, அங்கே ஓடிய தெலுங்குப் படத்தின் ரீல் வந்துவிட்டது. அப்பா காட்சியை நிறுத்தப் போனார். முதலாளி அறைக்கே ஏறி வந்தார்.

“ஓட்டுய்யா. ஓசூர்ல எவனுக்குத் தெலுங்கு தெரியாது?”

உள்ளூர்க்காரர்கள் விசிலடித்துப் பார்க்கத்தான் செய்தார்கள். மூக்கண்டப்பள்ளியில் புதிதாகக் குடியேறியிருந்த தென்மாவட்டத் தொழிலாளர்களை முதலாளி மறந்துவிட்டார். அவர்கள் நாற்காலிகளைப் பிய்த்து எறிந்தார்கள். போலீஸ் வந்ததும், “ஆபரேட்டர் குடிச்சிருந்தான்” என்று முதலாளி சொல்லிவிட்டார். மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை. பிறகு ஓய்வு பெறும்வரை தொழிற்சாலை வாசலில் காவலாளி.

“அன்னிக்கி நான் உள்ள இருந்தன் சார்” என்றார் ஓட்டுநர். “தமிழ்ல ஒருத்தன் கதவத் தட்டறான், தெலுங்குல வேற ஒருத்தன் வந்து தொறக்கறான்! ஒரே டிக்கெட்டுல ரெண்டு படம். குடிகாரனா இருந்தாலும் அந்த ஆபரேட்டர் நல்லா இருக்கணும்.”

“அவர் குடிக்கல.”

“அட வுடுங்க சார். குடிச்சிருந்தாத்தான் கதை நல்லா இருக்குது.”

எண்பது ரூபாயைக் கொடுத்து அவரை அனுப்பினேன்.

போக நினைப்பவர்கள் உடனே போய்விடுங்கள். காலை வெயிலில் புகைப்படம் நன்றாக விழும். வேலியைத் தாண்ட வேண்டாம், சுவர் ஆடுகிறது. எதிர்க்கடைக் காபி சுமார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“நடந்தது இதான். போடு. ஆனா உம்பேரப் போடாத.”

“ஏம்ப்பா?”

“உம்பேருக்கு முன்னாடி என் இனிஷியல் நிக்குதில்ல? செத்துப்போன மொதலாளி மேல நானே புகார் குடுத்தாப்ல ஆயிடும்.”

வேலையை விட்டுத் துரத்தியவருக்கு இன்னும் இந்த மரியாதை. எனக்கு அது வராது. அப்பாவை மீறவும் வரவில்லை. இந்தப் பயணத் தளத்தில் கட்டுரையின் கீழே பெயர் போடுவது வழக்கம். அந்த இடத்தைக் காலியாக விட்டே பதிவேற்றுகிறேன். அவர் அன்று குடித்திருக்கவில்லை.