காடு இல்லீங்க

தருமபுரி கடைவீதியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாண ஜோடி, பள்ளிக்கூட குரூப், செத்தவர்களுக்கு மாலை போட்ட படம் என்று வயிற்றுப்பாட்டுக்கு எடுத்ததெல்லாம் அங்கே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு, தொப்பூர்ப் பக்கம் பஸ் ஏறி மலையையும் மரத்தையும் எடுத்தது எனக்காக. கல்லும் முள்ளும் சோறு போடுமா என்று வீட்டுக்காரி கேட்பாள். போடாதுதான். யார் இல்லை என்றார்கள்?

அறுபதுகளின் கடைசியில், அப்படி நான் அடிக்கடி எடுத்த ஒரு மலைச்சரிவு கரி சுடக் குத்தகைக்குப் போகிறது என்று பேச்சு வந்தது. அதன் அடிவாரத்தில் நிலம் வைத்திருந்த விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். சரிவின் நடுவில் ஓர் ஊற்று. அவர் கிணற்றுக்குத் தண்ணீர் அதுதான். மரம் போனால் ஊற்று போகும், ஊற்று போனால் என் குடும்பம் போகும் என்றார். மனுவோடு படம் வைத்தால் எடுபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மழை விட்ட மறுநாள் போனோம். கேமரா ஸ்டாண்டை அவரே தோளில் போட்டுக்கொண்டார். வேங்கையும் உசிலையுமாகச் சரிவு முழுக்கப் பச்சை, நடுவில் ஊற்றுத் தண்ணீர் பளிச்சென்று. பெரிய சைஸில் பிரிண்டு போட்டுப் பார்த்தபோது, இதைக் கண்டபிறகும் எவனுக்காவது கோடாலி தூக்க மனசு வருமா என்று எனக்கே ஒரு திமிர்.

விசாரணைக்கு வந்த அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதிது. நல்ல மனுஷர் என்றுதான் சொன்னார்கள். விவசாயியை மட்டும் ஆபீசுக்குள் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். சீக்கிரமே வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அதிகாரி என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது காடா என்று கேட்டாராம்.

"காடு இல்லீங்க, இது கரடுங்க, காடு கீழ எங்கூட்டுகிட்ட இருக்குதுங்கன்னு சொல்லிட்டேன் பாய். நமக்கெதுக்குப் பொய்யி?"

எங்கள் பக்கத்தில் உழுது விதைக்கிற மேட்டு நிலம்தான் காடு. மரம் நிற்கிற குன்று கரடு. தஞ்சாவூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே ஓடினேன். நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த ஊர்க்காரரே காடு இல்லேங்கறார். நீங்க டவுன்காரர், அழகா எடுத்திருக்கீங்க" என்றார். காடாக இருந்தால்தான் குத்தகையைத் தடுக்க முடியுமாம். காடல்ல, கரடு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் வைத்து விவசாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். காட்டைத்தானே காடுன்னு சொல்லோணும் என்றார். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரி சோறு போட்டாள், தின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போய்விட்டது மனசு. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் படுத்துத் தூங்கினேன். சேலத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து கரிப்புகை தெரியும். அந்தப் பக்கம் உட்காராமல் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து அந்த விவசாயி, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். கிணறு வற்றிவிட்டது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறோம், போகுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று வந்தோம் என்றார். எல்லோரையும் நிறுத்தி லைட்டைத் திருப்பிக்கொண்டே, சரிவு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மரமெல்லாம் தீத்துட்டு, மேல வரைக்கும் உழுது கொள்ளு வெதச்சிருக்காங்க பாய். இப்ப அந்த ஆபீசர் வந்து கேட்டா, காடுன்னே சொல்லலாம்."

தாடையைக் கொஞ்சம் தூக்குங்க என்றேன். தூக்கினார். படம் எடுத்தேன்.