வரேன் என்று சொல்லக் கூடாத கடை

சிஞ்சு நகரில் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். மாலை ஆறு நாற்பதுக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும். பியானோ ஓசை கேட்டதும் எல்லா மாடிகளிலிருந்தும் ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். தைவானுக்கு வந்த புதிதில் அதை ஐஸ் வண்டி என்று நினைத்து நான் கீழே ஓடியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து, போன ஐப்பசியில், என் மனைவி மல்லிகா முதல்முறையாகக் கம்பைநல்லூரிலிருந்து இங்கே வந்தாள். இருபத்து மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் அந்தப் பாட்டைக் கேட்டு அவளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவைச் சாத்தும்போது 'வரேன்' என்று சொல்லவில்லை. ஊரில் தெருக்குழாய்க்குப் போனால்கூட ஆளில்லாத வீட்டைப் பார்த்து 'போயிட்டு வரேன்' என்று சொல்கிறவள் அவள். டைரியில் குறித்துக்கொண்டேன். அடுத்த ஆறு நாளும் கவனித்தேன். ஒருமுறையும் சொல்லவில்லை.

என் மேசை இழுப்பறையில் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் என்னோடு இங்கேயே தங்கலாம். மகள் சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டாள். இனிப் பிரிந்திருக்கக் காரணம் இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். மல்லிகாவுக்குக் கம்பைநல்லூரில் புளி மண்டி இருக்கிறது. அவள் அப்பா நடத்தியது. அவர் காலமான பிறகு இவள் எடுத்துக்கொண்டாள். ஆறு பெண்கள் அங்கே உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். படிவத்தைக் காட்டியபோது "பாக்கலாங்க" என்றாள். அதற்குள் சிஞ்சுவின் காற்று அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. இருமல் வந்தது, குரல் போனது. பதிலும் அதோடு நின்றுபோனது.

பத்தாம் நாள் சனிக்கிழமை, ஊர் சுற்றிக் காட்டலாம் என்று தைப்பேக்கு அழைத்துப் போனேன். திஹுவா தெருவில் பழைய சீன மருந்துக் கடை ஒன்று உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்பதால் சுற்றுலாப் பயணிகள் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். வரிசைக்குப் பதினெட்டு, பன்னிரண்டு வரிசை, இருநூற்றுப் பதினாறு. நான் எண்ணி முடிப்பதற்குள் மல்லிகா மூக்கை வைத்தே கடையைச் சுற்றி வந்துவிட்டாள்.

"நம்ம தருமபுரி நாட்டு மருந்துக் கடையேதாங்க. அதிமதுரம், பட்டை, சுக்கு, எல்லாம் இருக்குது" என்று கம்மிய குரலில் சொன்னாள்.

அந்தக் குரல் கல்லாவில் இருந்த அம்மாளின் காதில் விழுந்தது. அறுபது வயது இருக்கும். கடை முதலாளியம்மாவை இங்கே 'லாவ்பன்யாங்' என்பார்கள். அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைச் சீனத்தில் சொன்னேன். நாலாம் வரிசையில் ஓர் இழுப்பறையைத் திறந்து ஒரு கை அள்ளித் தராசில் போட்டார்.

"அட, கடுக்காய்ங்க" என்றாள் மல்லிகா.

அவள் அப்பா புளியோடு கடுக்காயும் வாங்குவார். சித்தேரி மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கி வரும். தோல் பதனிட வாணியம்பாடிக்குப் போகும். கல்யாணமான புதிதில் அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் நான் அவளோடு பேசியிருக்கிறேன். இங்கே அது பத்திருபது காய்களாகப் பித்தளைத் தட்டில் கிடந்தது. அம்மாள் அவற்றை உரலில் கொட்டி உலக்கையைத் தூக்கினார். மல்லிகா சட்டென்று உரலின் வாயைக் கையால் மூடினாள்.

"கொட்டையோட இடிக்கறாங்க. நஞ்சுங்க அது. சொல்லுங்க அவங்ககிட்ட."

நஞ்சு என்பதற்கான சீனச் சொல் எனக்குத் தெரியும். அதை மட்டும் உரக்கச் சொன்னேன். மருந்து வாங்க நின்றிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாளின் முகம் இறுகியது. "எங்கள் கடையில் விஷமா?" என்று கேட்டார். மல்லிகா உலக்கையை வாங்கி ஒரு காயை மெல்லத் தட்டி உடைத்தாள். கட்டைவிரல் நகத்தால் கொட்டையைத் தள்ளிவிட்டுச் சதையை மட்டும் தராசில் வைத்தாள். அம்மாள் அதைப் பார்த்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு முறத்தை இழுத்துக் காட்டினார். முறம் நிறையக் கடுக்காய்க் கொட்டைகள். அவரும் கொட்டை எடுக்கத்தான் காயைத் தட்டப் போயிருக்கிறார்.

அம்மாள் சிரித்துக்கொண்டே இழுப்பறையில் மிச்சமிருந்த காய்களையும் கொட்டி, ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். அவர் சீனத்தில் பேசினார், இவள் தமிழில்.

"இந்தம்மா ரொம்ப மெதுவுங்க. நம்ம மண்டி முனியம்மாகிட்ட நாலு நாள் விட்டா சரியாயிடும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. 'இவளும் லாவ்பன்யாங்தான், ஆறு பேர் இவளிடம் வேலை செய்கிறார்கள்' என்று மட்டும் சொன்னேன். அம்மாளின் கை நின்றது. "அப்படியானால் கடையை விட்டுவிட்டு இவர் ஏன் இங்கே வர வேண்டும்?" என்று என்னைக் கேட்டார். அதையும் விழுங்கிவிடத்தான் பார்த்தேன்.

"என்ன கேட்டாங்க?" மல்லிகா விடவில்லை. சொன்னேன்.

"அதத்தான் நானும் பத்து நாளா யோசிக்கறேங்க" என்று அடுத்த காயை எடுத்தாள்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இங்கே பழகிய மரியாதைப்படி, மறுபடி பார்க்கலாம் என்று பொருள்படும் 'ஸாய்ஜியென்' சொன்னேன். அம்மாள் பதில் சொல்லாமல் கையை மட்டும் வேண்டாம் என்பதுபோல் அசைத்தார். மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மருந்துக் கடையில வரேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? நோவு மறுக்கா வரட்டுங்கறீங்களா?" மகளைக் காய்ச்சலோடு தருமபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்த நாளில் நாங்களும் யாரிடமும் வரேன் சொல்லாமல்தான் படி இறங்கினோம். எனக்கு அது மறந்துபோயிருந்தது. அந்தச் சீன அம்மாளுக்கும் மல்லிகாவுக்கும் மறக்கவில்லை.

தெருவில் வைத்துக் கேட்டேன். "நம்ம வூட்ல ஏன் சொல்ல மாட்டேங்கற?"

"அது உங்க ரூமுங்க. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. எப்ப டிஸ்சார்ஜுன்னுதான் தோணுது."

வெளிநாட்டில் தனியாக இருக்கும் என் போன்றவர்களுக்குச் சொல்கிறேன், அந்த ஒரு தட்டை நான் ஒன்பது ஆண்டுகளாகச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். அன்று மாலையே இரண்டு தட்டும் இரண்டு டம்ளரும் வாங்கினேன். அவள் ஒரு சிறிய உரல் வாங்கினாள். கடுக்காய்ச் சதையை அதிமதுரத்தோடு கஷாயம் வைத்துக் குடித்தாள். அதிலிருந்து ஐந்தாம் நாள் குரல் திரும்பியது. வந்த குரலில் முதல் வேலையாகப் படிவத்தைக் கேட்டாள்.

"மண்டிய மூட மாட்டேங்க. சித்திரையோட புளி முடியும். வைகாசியில வந்து ஐப்பசி வரைக்கும் இருக்கறேன். வருசா வருசம் அப்பிடித்தான். உங்களுக்கு லீவு எப்பக் கெடைக்குதோ அப்ப நீங்க அங்க வரணும். சம்மதம்னா கையெழுத்துப் போடறேன்."

நான் முழு ஆண்டு கேட்டிருந்தேன். பாதி கிடைத்தது. அந்தப் பாதியை விடுவதில்லை என்று பேனாவை நீட்டினேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலை டாக்சி கீழே நின்றது. பெட்டியை வெளியே வைத்துவிட்டு மல்லிகா கதவின் பிடியைப் பற்றியபடி உள்ளே பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. "வரேன்" என்று தெளிவான குரலில் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

விமான நிலையத்திலிருந்து திரும்பினேன். ஆறு நாற்பதுக்குப் பாட்டு கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். தட்டுகள் மூன்றும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. இத்தனை ஆண்டுகளில் அந்த அறையைப் பார்த்து முதல்முறையாக "வரேன்" என்றேன். அன்றைய டைரியில் 'மாலை 6.40, வரேன் சொன்னேன்' என்று இருக்கிறது. எந்த வீட்டுக்கு, இந்த அறைக்கா கம்பைநல்லூருக்கா, என்று எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.