பதினைந்தாம் தேதிப் பெண்கள்

எங்கள் கல்லூரி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்குகிறது. இடப்பக்கம் நட்சத்திரக் கூட்டம், வலப்பக்கம் வயிற்றுக்குள் சுருண்டிருக்கும் சிசு, நடுவில் கணினித் திரை. மூன்றுக்கும் மேலே எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியில் பாதிப் படம் மூடிவிட்டது. மீதிப் பாதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நான் முதலில் படித்தது நட்சத்திரங்களை. சில நட்சத்திரங்கள் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை மங்குகின்றன என்று தொலைநோக்கி அனுப்பும் எண்களை வைத்துக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. அத்திப்பட்டில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அனல்மின் நிலைய விளக்குகளைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். இரண்டு வருடத்தில் உதவித்தொகை நின்றுபோனது. நட்சத்திரம் படித்தவளுக்கு இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் யார் வேலை கொடுப்பார்கள்? அப்போதுதான் கர்ப்பிணிகளின் பதிவுகளை வைத்துப் பிரசவ நாளைக் கணிக்கும் புரோகிராம் எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பேனரில் சிரிக்கிறாரே, அவர்தான் என் வழிகாட்டி ஆனார். "நட்சத்திரமோ கர்ப்பமோ, கணக்கு ஒண்ணுதாம்மா," என்றார். நானும் தலையாட்டி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன்.

கடலை ஒட்டிய ஏரிக்கரை ஊர்களின் சுகாதார நிலையங்களிலிருந்து பதிவுகள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரே ஒரு கட்டம்: கடைசி மாதவிலக்குத் தேதி. அதிலிருந்து எண்ணித்தான் பிரசவ நாள் குறிப்பார்கள். அந்தத் தேதிகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மற்ற நாட்களெல்லாம் குட்டையாக இருக்க, பதினைந்தாம் தேதி மட்டும் மின் நிலையப் புகைபோக்கி மாதிரி நெட்டையாக நின்றது. இந்தக் கடலோரத்துப் பெண்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு பதினைந்தாம் தேதி விலக்காகிறார்களா என்ன? முதலில் சிரித்தேன். அப்புறம் மீஞ்சூருக்கு அந்தண்டை இருக்கும் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சம்மாவைக் கேட்டேன்.

"இன்னா பண்ணச் சொல்ற மேடம்? தேதி போடலன்னா அடுத்த பக்கமே வராது. தெரிலன்னா பதினஞ்சு போட்டுகினு போன்னு மீட்டிங்ல சொல்ட்டாங்க. வெளிய பாரு, நாப்பது பேரு நிக்கிறாங்க," என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒற்றை ஆளாக நாலு ஊரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

கோபம் வந்தது வழிகாட்டியின் அறையில். வரைபடத்தைக் காட்டினேன். "அதெல்லாம் நாய்ஸ்மா, சில்லறைப் பிழை. பெரிய டேட்டால அடிபட்டுப் போயிடும்," என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்துக்கு நேரம் ஒரு நிமிடம் பிசகினால்கூடக் கட்டுரையைத் தூக்கி முகத்தில் எறிவார்கள். மீஞ்சூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடக்கூடிய பெண்ணுக்கு மட்டும் பதினைந்து நாள் பிசகலாம், கேட்பாரில்லை.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு பதினைந்தாம் தேதிகளோடேயே புரோகிராமை ஓட்டினேன். அது ஓடியது. சோதனை முறையில் வாரா வாரம் சுகாதார நிலையங்களுக்கு ஒரு பட்டியலையும் அனுப்ப ஆரம்பித்தது: இவர்களுக்கு நாள் தாண்டிவிட்டது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதே சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நர்சம்மா கையில் என் பட்டியல். எதிரில் நின்ற பெண் ஏரிக்கு அக்கரை மீனவக் குப்பத்திலிருந்து படகேறி வந்தவள், இரண்டாம் பிள்ளையைச் சுமப்பவள். "எனக்கு இன்னும் நாள் கீதும்மா. ஊசி போட்டு வலி வர வெக்கத்தான அனுப்புற? நான் போமாட்டேன்," என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எப்போம்மா விலக்கானே? தேதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அப்பவே சொன்னனே. தீபாளி கயிச்சி ஒரு அமாவாசை வந்துச்சே, அதுக்கு மூணா நாளு. அன்னிக்கு எங்க ஊட்டுக்குப் பாடு. வலைய எடுத்துக் குடுக்கக்கூட நான் கிட்ட போவல. அவரே எல்லாம் தூக்கிகினு போனாரு."

ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று அவர்கள் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் வீட்டு முறை வரும் நாளை எந்தப் பெண்ணாவது மறப்பாளா? அன்று வலையைத் தொடாமல் ஒதுங்கி நின்றதைத்தான் மறப்பாளா?

"மாசம் கேட்டதுக்குக் கார்த்திகன்னு சொல்லிச்சி மேடம். கார்த்திகன்னா நவம்பரு. தேதி தெரிலன்னு பதினஞ்சு போட்டேன்," என்றார் நர்சம்மா.

இதைச் சரிபார்க்க வானியற்பியல் எதுவும் தேவைப்படவில்லை. போன வருடத்து நகைக்கடை காலண்டரைக் கிழித்து மருந்து அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார்கள். மாத்திரை டப்பாக்களை நகர்த்திவிட்டு அமாவாசைக்குப் போட்ட கறுப்பு வட்டத்தைத் தேடினேன். கார்த்திகைதான், ஆனால் நவம்பரின் கடைசி. அதற்கு மூன்றாம் நாள் டிசம்பரில் போய் விழுந்தது. என் பட்டியல் பதினெட்டு நாள் முந்தி நின்றது. அந்தப் பெண் சொன்னதுதான் சரி. அவளுக்குத் தேதி தெரியும். எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. "லிஸ்ட்டு மேல இருக்கற ஆபிசருங்களுக்கும் போயிருக்கு. நான் அனுப்பாம வெச்சிகினு, நாளிக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா யாரு பதில் சொல்றது?" அவர் கேட்டதிலும் தப்பில்லை. வழிகாட்டிக்குப் போன் போட்டேன். "ஒரு கேஸை வச்சிப் பேசக்கூடாதும்மா. நம்ம வேலை கணிக்கிறது மட்டும்தான். நீ போயி நடுவுல நிக்காதே," என்று வைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பிரசவ வார்டில் டூட்டி டாக்டரம்மாவுக்கு உட்கார நேரமில்லை. நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். "அமாவாசையா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"நட்சத்திரம்."

பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முதல் மூணு மாசத்துல ஸ்கேன் எடுத்திருந்தா நான் நம்பலாம். இவங்க பதிஞ்சதே ஆறாம் மாசம். கேஸ் ஷீட்ல இருக்குற தேதியைத்தான் நான் எடுத்துக்க முடியும். அது தப்புன்னு உங்க சார் எழுதித் தரட்டும், காத்திருக்கேன்." வழிகாட்டி எழுதித் தருவாரா? மறுபடி போன் போட்டேன். எடுக்கவே இல்லை.

ஊசி போட்டார்கள். வலி சரியாக வரவில்லை, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. மூச்சு வேகவேகமாக வாங்கியது. பச்சிளங் குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முந்திப் பிறப்பதில் இப்படி ஆவதுண்டு, பிழைத்துக்கொள்ளும் என்றார்கள்.

மறுநாள் அந்தப் பிரிவின் வாசலில் நின்றிருந்தபோது வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது. நேற்றைய கேஸ் பிரசவமாகிவிட்டதாம், நாம் கணித்த அதே வாரத்தில். சரியான கணிப்பு என்று அட்டவணையில் சேர்க்க வேண்டுமாம். கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியலைப் பார்த்துத்தான் வயிற்றைக் கிழித்தார்கள். கிழித்துவிட்டதால் பட்டியல் சரியாகிவிட்டது! இப்படியே போனால் என் புரோகிராம் ஒருநாளும் தோற்காது. போன் போட்டேன். இந்த முறை உடனே எடுத்தார்.

"சேர்க்க மாட்டேன் சார். இது தப்பான கணிப்பு. பதினஞ்சாம் தேதி போட்ட எதையும் இனிமே நம்ப முடியாது. ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிக் கொடுக்கப்போறேன்."

"நீ ரொம்ப எமோஷனலா இருக்கே. எழுதிக் கொடுத்தா உன் தீசிஸும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அங்கேயே உட்கார்ந்து எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இப்போது என்ன பிரயோசனம்? இதே நாலு வரியை ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதியிருக்கலாம். பட்டத்துக்கு ஆசைப்பட்டு எழுதாமல் இருந்தவள் நான்தான்.

வார்டுக்குள் போனேன். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இன்னும் உறிஞ்சத் தெம்பில்லை. நான் கட்டில் ஓரமாக நின்று சொன்னேன்.

"உன்னை அனுப்பச் சொன்ன லிஸ்ட் நான் எழுதினதும்மா. தேதி தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஊர்ல யாரும் கேக்கல. நீ ஒருத்திதான் நின்னு கேட்ட," என்றாள். "கேட்டுகினு அப்புறம் ஏன் மேடம் என்ன வண்டியில ஏத்த உட்ட?"

அவள் கிண்ணத்தை மூடி என் கையில் கொடுத்தாள்.

"என்னால எயிந்து நடக்க முடில. இத்த எட்துகினு போயி அங்க நர்சாண்ட குடு. சீக்கிரம் போ, பசிக்கும் அதுக்கு."

கிண்ணம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடினேன்.